பச்சைச் சாயத்துக்குள் மறைந்த விலங்கு

'காற்றுப் பன்னம்' என்ற பெயரில் ஓர் அலங்காரச் செடி கடைகளில் விற்கப்படுவதுண்டு. மண் வேண்டாம், நீர் வேண்டாம், காற்றிலேயே வாழும் என்பார்கள். அது வாடுவதில்லை என்பது மெய்தான். இறந்துபோன ஒன்று எப்படி வாடும்? அது செடியுமல்ல. சேர்ட்டுலாரியா எனப்படும் கடல் விலங்குக் கூட்டத்தின் எஞ்சிய கூடு; உலர்த்திப் பச்சைச் சாயம் ஏற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் தேம்ஸ் கழிமுகத்து மீனவர்கள் அலங்காரத்துக்கென இதனை அள்ளி விற்றனர்.

வாங்கி ஏமாந்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பேரறிஞர்களே இவ்விடயத்தில் தடுமாறியுள்ளனர்.

பவளத்தின் 'பூக்கள்' எனக் கருதப்பட்டவை உண்மையில் சிறு விலங்குகளே என்பதை மார்செய் நகர மருத்துவர் பெய்சொனெல் 1720களில் கண்டறிந்தார். அதனை 1727இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் எடுத்துரைத்த ரெயோமர், கண்டறிந்தவரின் பெயரைக் கூறாது மறைத்தார். இத்தகைய கருத்தைச் சொன்னவருக்கு இழுக்கு நேரக்கூடாதே என்ற கரிசனையாம்! 1740இல் திரம்ப்ளே நன்னீர் ஹைட்ராவை ஆராய்ந்து, அது விலங்கே எனக் காட்டினார். அதன் பின்னரே நிலைமை மாறியது. 1742இல் ரெயோமர் தமது தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, பெய்சொனெலின் பெயரையும் வெளியிட்டார்.

லண்டன் வணிகரான ஜோன் எல்லிஸின் கதை இன்னும் சுவையானது. 1751இல் தமக்குக் கிடைத்த கடற்பாசிகளையும், பாசி போன்ற பிற கடற்பொருட்களையும் அவர் இயற்கைக் காட்சிகள்போல் தாளில் ஒட்டி அழகுபார்த்தார். பின்னர் நுணுக்குக்காட்டியால் உற்றுநோக்கியபோது சில 'பாசிகள்' மீது ஐயம் எழுந்தது. 1752இல் ஓவியர் புரூக்கிங்குடன் ஷெப்பித் தீவுக்குச் சென்று, அவற்றைக் கடல்நீரில் உயிருடன் அவதானித்தார். கிளைகளிலிருந்த நுண்கிண்ணங்களிலிருந்து சின்னஞ்சிறு உயிர்கள் உணர்கொம்புகளை நீட்டின. 1755இல் அவரது நூல் வெளியாயிற்று. எனினும் லின்னேயஸ், 1758இல் சேர்ட்டுலாரியா என்று பெயரிட்டபோதும், அதனைத் தாவரமும் விலங்கும் கலந்ததொன்றாகவே கருதினார். எல்லிஸுக்கு 1767இல் றோயல் சொசைட்டியின் கொப்ளி பதக்கம் கிடைத்தது.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் கழித்த எனக்கு இவ்வரலாற்றில் மனதைத் தைப்பது ஒன்றுண்டு. உண்மையைக் கண்டவரின் பெயர் சுமார் 15 ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது. அதுவும் நல்லெண்ணத்தின் பெயரால். ஆயினும், மறைத்தவரே முன்வந்து திருத்தம் வெளியிட்டார். அந்தத் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?