படம் வராத மடல்: தமிழ் விளம்பர மின்னஞ்சலில் எழுத்துருக் காலத்தின் மிச்சம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதை ஒட்டிய காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்குள்ள ஒரு பேக்கரி, கிறிஸ்துமஸுக்கு முன் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு மடல் அனுப்புவதாகக் கொள்வோம். பிளம் கேக், விலை, முன்பதிவின் கடைசி நாள், ஆர்டர் பட்டன் எல்லாம் ஒரே படத்துக்குள். அலுவலகக் கணினியின் அவுட்லுக்கில் அதைத் திறப்பவர் காண்பது வெற்றுக் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும்தான்.

இது கோளாறு அன்று. வேண்டுமென்றே வைத்த தடை. மடலிலுள்ள படம் அனுப்பியவரின் சர்வரிலிருந்து இறங்கும்போதே, மடல் திறக்கப்பட்ட செய்தி அங்கே பதிவாகிவிடும். ஸ்பேம் அனுப்புவோர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தைச் செருகி, புழக்கத்திலுள்ள முகவரிகளை இப்படித்தான் பொறுக்கினார்கள். அதனால் 2003 பதிப்பிலிருந்து அவுட்லுக் வெளிப்படங்களைத் தானாக இறக்குவதில்லை.

2013 டிசம்பர் முதல் ஜிமெயில் தன் சர்வர் வழியே படங்களைத் தானாகக் காட்டுவதால் சிக்கல் தீர்ந்தது என்பாருண்டு. ஸ்பேம் பெட்டியில் விழுந்த மடலுக்கு அந்தச் சலுகை இல்லை. பார்வையற்ற வாசகருக்கோ எந்நாளும் படம் வராத நாள்தான்.

எழுத்தையும் படமாக்கி அனுப்பும் பழக்கம் தமிழில் ஆழமாக வேரூன்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. ஒருங்குறி பரவுமுன், அனுப்பியவரின் எழுத்துரு பெறுபவரிடம் இல்லையென்றால் தமிழ் வரி குப்பையாகத் தெரியும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறிமுறை. தமிழைப் படமாக்கி அனுப்புவதே அன்று பத்திரமான வழி. அதைக் குறைசொல்ல முடியாது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. இன்று கைபேசிகளிலும் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. காரணம் போய்விட்டது, டிடிபி மேசையின் கை மட்டும் இன்னும் ஜேபெக் பக்கமே போகிறது.

படம் வராதபோது அதன் இடத்தில் தெரியும் மாற்றுரையை எழுதினால் போதுமா? ‘பேனர் ஃபைனல் 2’ என்று கோப்பின் பெயரையே விட்டுவைப்பதைவிட, ‘பிளம் கேக் முன்பதிவு டிசம்பர் 20 வரை’ என்பது எவ்வளவோ மேல். ஆனால் அவுட்லுக் தன் பாதுகாப்பு அறிவிப்பை முன்னே ஒட்டி, மாற்றுரையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். சிறிய கட்டத்தில் அது கண்ணிலேயே படாது. எனவே விலையும் தேதியும் மடலின் உடலில் எழுத்தாகவே இருக்க வேண்டும். பட்டனை டேபிள் கட்டத்துக்கு நிறமூட்டி, அதற்குள் இணைப்பு வைத்துச் செய்யலாம். கரும்படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைப்போர் பின்புல நிறத்தையும் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் படம் வராதபோது வெள்ளையில் வெள்ளை.

மடலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற அளவீட்டிலும் படத்தை நம்ப இயலாது. படத்தைத் தடுத்தவர் மடலை முழுக்கப் படித்தாலும் திறக்காதவராகவே பதிவாகிறார். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் பாதுகாப்போ, திறக்காத மடலின் படத்தையும் முன்கூட்டியே இறக்குகிறது. இணைப்பைத் தட்டியவர் கணக்கே ஓரளவு நம்பத்தக்கது.

பட்டுப்புடவையின் நிறத்தை எழுத்தில் காட்ட முடியாது என்ற வாதம் சரியே. புடவை படமாகவே இருக்கட்டும். விலையும் கடை முகவரியும் ஏன் அதன் முந்தானைக்குள் போக வேண்டும்?