பெருங்குடற் புற்றுநோயில் நிர்ப்பீடனக் கலங்கள்

பெருங்குடலிலும் நேர்குடலிலும் தோன்றும் புற்றுக்கட்டிகளின் உள்ளேயும் விளிம்பிலும் உடலின் நிர்ப்பீடனக் கலங்கள் குடியேறுகின்றன. அவற்றின் வகை, அடர்த்தி, இருப்பிடம் ஆகியவை, சத்திரசிகிச்சைக்குப் பின் நோய் மீளும் வாய்ப்போடும் நோயாளியின் ஆயுளோடும் தொடர்புடையவை.

வகைகள்: புற்றுக்கலங்களை நேரடியாகக் கொல்பவை சிடி8 வகை டி கலங்கள். முன்பு கண்ட எதிரியை நினைவில் வைத்திருக்கும் டி கலங்களும் நோயாளிக்குச் சாதகமானவை. பெருவிழுங்கிகள் சூழலைப் பொறுத்துக் கட்டியை எதிர்க்கவும் வளர்க்கவும் கூடியவை.

ஆய்வு வரலாறு: நேர்குடற் புற்றுநோயில், டி கலங்கள் உள்ளிட்ட நிணநீர்க் கலங்கள் திரண்டிருப்பது நல்ல அறிகுறி என்பதை நோயியலாளர் ஜெரமி ஜாஸ் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். பாரிசில் ஜெரோம் காலோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இக்கலங்களின் அளவீடு வழக்கமான நோய்நிலை வகுப்பைவிடத் துல்லியமாக நோய்ப்போக்கை முன்னறிவிக்கக்கூடும் என்றது. அதிலிருந்து பிறந்த ‘இம்யூனோஸ்கோர்’ முறை, கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் சிடி3 குறி கொண்ட டி கலங்களையும் அவற்றுள் சிடி8 வகையையும் கணினியால் எண்ணுகிறது. 13 நாடுகளைச் சேர்ந்த 2,681 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2018இல் வெளியாயின. மதிப்பெண் உயர்ந்தவர்களிடம் நோய் மீள்வது குறைவாக இருந்தது.

டிஎன்ஏ பழுதுநீக்கக் குறைபாடு: பெருங்குடற் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தில், டிஎன்ஏ இரட்டிப்பின்போது நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் செயலிழந்துள்ளன. பிழைகள் பெருகுவதால் உருமாறிய புரதங்கள் உருவாகின்றன. அவற்றை அந்நியமாக இனங்காணும் டி கலங்கள் கட்டிக்குள் திரள்கின்றன. கட்டியோ அவற்றின் செயலுக்குத் தடை போடுகிறது. அத்தடையை நீக்கும் மருந்து பெம்புரோலிசுமாப். உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய இவ்வகைப் புற்றுநோயில், நோய் முற்றாதிருந்த இடைநிலைக் காலம் கீமோதெரபி பெற்றோருக்கு 8.2 மாதமாகவும் இம்மருந்து பெற்றோருக்கு 16.5 மாதமாகவும் இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏனைய 85 சதவீதத்தில் இத்தகைய மருந்துகள் தனித்துப் பெரும்பாலும் பலனளிப்பதில்லை.

கண்டியில்: இலங்கையின் கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை போன்றவற்றில் அகற்றப்படும் கட்டிகளை நோயியலாளர்கள் நுணுக்குக்காட்டியில் ஆராய்கின்றனர். உலகெங்கும் வழக்கிலுள்ள சாதாரண சாயமேற்றிய இழையத் துண்டிலேயே நிணநீர்க் கலத் திரளைக் காணலாம். இம்யூனோஸ்கோருக்கோ சிறப்புப் பிறபொருளெதிரிகளும் எண்ணிம வருடியும் தேவை. எனினும் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் கட்டியின் ஆழம், நிணநீர்க் கணுக்களின் நிலை, நோய்ப்பரவல், பழுதுநீக்கப் புரதச் சோதனை ஆகியவையே இன்றும் முதன்மை பெறுகின்றன.