பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்

சென்ற வருடம் என்னுடைய கிளினிக்குக்கு ஒரு இளம் தாய் வந்தார். மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் மிகவும் கஷ்டப்பட்டவர். இன்னொரு கர்ப்பம் உடலுக்கு நல்லதல்ல என்று விளங்கப்படுத்தி, குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பாவம் எண்டு எங்கட பாஸ்டர் பிரசங்கத்தில சொன்னவர். நீங்கள் என்ன சொல்லுறியள், டொக்டர்?" என்று கேட்டார்.

வைத்திய ரீதியான பதில் என்னிடம் இருந்தது. பாவமா இல்லையா என்பதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை. நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் பதின்மூன்று வருடம் நம் கல்லூரியின் காலை வழிபாட்டில் அமர்ந்து பிரசங்கம் கேட்டவள். சில நாட்களில் மனம் உருகிக் கேட்டிருக்கிறேன். சில நாட்களில் கணிதத் தவணைப் பரீட்சையை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தப் பிரசங்கங்கள் எங்கிருந்து வந்தன, நம் பாட்டிமார் அவற்றை எப்படிக் கேட்டார்கள் என்று தேடத் தொடங்கியது அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகுதான். நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, அந்தத் தேடலையே எழுதுவது என்று தீர்மானித்தேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது 1816 இல். நற்செய்தியைப் பிரசங்கிப்பதற்காகவே அவர்கள் கடல் கடந்து வந்தார்கள். பாடசாலைகள் அதற்கான வழி. ஆனால் அவர்கள் சந்தித்த முதல் பெரிய தடை வேத விசாரம் அல்ல, சாப்பாடு. கிறிஸ்தவரின் கூரையின் கீழ் உண்டால் சாதி கெட்டுவிடும் என்று மாணவர்கள் மறுத்தார்கள். எனவே பக்கத்தில் ஒரு சைவரின் காணியில் தனிச் சமையல் கட்டு அமைக்க வேண்டியதாயிற்று. பாடம் மிஷன் வளவில், சோறு அடுத்த வளவில். நம்முடைய ஊர் எதையும் ஒரேயடியாக ஏற்றுக்கொள்வதும் இல்லை, ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1823 இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் ஆரம்பமாயின. உடுவில் பாடசாலையைப் பற்றிச் சொல்லப்படும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பெருமழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகள் ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரின் வீட்டில் தங்கி, அங்கே உண்டார்கள், பிறகு அங்கேயே படித்தார்கள் என்பார்கள். அந்தக் கதையில் எழுத்துக்கு முன்னர் உணவு வருவதைக் கவனியுங்கள். இரண்டு சிறுமிகள் ஒரு வேளை சாப்பிட்டது அன்று எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரிய செய்தி.

பெண்களைப் படிப்பித்ததன் நோக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செமினரியில் படித்துக் கிறிஸ்தவரான இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவிமார் வேண்டியிருந்தார்கள். அதைவிடச் சுவையான விடயம் சீதனம். கிறிஸ்தவரை மணக்கும் மாணவிகளுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. அது கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்காது, கல்யாணம் நடக்காதென்றால் எந்தத் தாயும் பிள்ளையைப் பாடசாலைக்கு விடமாட்டாள் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் கிறிஸ்தவத் தோழிகளின் கல்யாணப் பேச்சுகளிலும் இன்றுவரை சீதனம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சிறு தொகை நினைவுக்கு வருவதுண்டு.

சில வேளைகளில் ஒரு வாழ்க்கையே பிரசங்கமாக அமைந்துவிடுகிறது. 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் சுமார் நாற்பது வருடம் உடுவிலில் இருந்தார். ஒரு தடவையேனும் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1883 இல் மானிப்பாயில் காலமானார். கணவனுக்கு அடங்கிய நல்ல மனைவியாக இருப்பதையே மிஷன் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தது. படிப்பித்தவரோ கல்யாணமே செய்யாமல் ஒரு நிறுவனத்தை நடத்தினார். பிள்ளைகளுக்குக் கண் இருந்தது. இரண்டையும் பார்த்திருப்பார்கள்.

பிரசங்கத்தைக் கூர்ந்து கேட்டவர்களில் நம் ஊரின் மிகப் பெரிய சைவப் பெருமகனும் ஒருவர். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை நின்றவர். 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணப் படனம் நம்மிடம் முன்பே இருந்தது. சபையைப் பார்த்து நேரடியாக, உரைநடையில், "நீங்கள் இப்படி வாழுங்கள்" என்று வாரந்தோறும் பேசும் முறையை அவர் எதிராளியிடமிருந்தே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே சைவப் பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பெண்கல்வியில் இந்தப் போட்டியின் பலன் பிந்தியே வந்தது. 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி எழுந்தபோதுதான் சைவப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு பெரிய விடுதிப் பாடசாலை கிடைத்தது. போட்டியால் நன்மை பெற்றவர்கள் நாம்தான்.

சாதி விடயத்தில் இரு தரப்பையும் பாராட்ட எனக்கு இயலவில்லை. நாவலர் சாதி ஒழுங்கை விட்டுக்கொடுக்கவில்லை. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று பிரசங்கித்த தேவாலயங்களிலும் சாதி செருப்போடு வாசலில் கழற்றி வைக்கப்படவில்லை. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகை ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1930 ஐ ஒட்டிய காலத்தில் வந்தபோது எதிர்ப்பு எழுந்தது, சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் தீண்டாமைக்கு எதிராகத் துணிந்து நின்றவர்கள் குருமாரைவிட, ஹன்டி பேரின்பநாயகம் முதலான வாலிபர்களே. அவர்களில் பலர் மிஷன் கல்லூரிகளில் படித்தவர்கள். கேட்ட பிரசங்கத்தைச் சொன்னவரைவிட அதிகமாக நம்பியவர்கள்.

இனி, இந்தத் தேடலில் நான் கண்டெடுத்த பெண்மணிக்கு வருகிறேன்.

1896 இல் மேரி அர்வின் என்ற கனேடிய டொக்டர், அமெரிக்க மிஷனின் வைத்தியப் பணிக்காக இணுவிலுக்கு வந்தார். இணுவில் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பு. ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்துப் பிரசவ அறையில் இறந்துபோன பெண்களுக்காகவே அத்தகைய வைத்தியசாலைகள் தோன்றின. ஆனால் அந்த இளம் டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்தவரை, எஸ். சி. கே. ரட்ணம் என்ற கல்வியாளரை, மணக்கத் தீர்மானித்திருந்தார். மாப்பிள்ளை கிறிஸ்தவர், அமெரிக்காவில் படித்தவர், ஒரே கடவுளை வணங்குபவர். அப்படியிருந்தும் மிஷன் அதைப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் சுதேசியை மணப்பதா? மிஷனில் அவரது பணி முடிவுக்கு வந்தது. எண்பது வருடம் நமக்குச் சாதியைப் பற்றிப் பிரசங்கித்தவர்களுக்கு அடுத்த வளவுச் சமையல் கட்டு தங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது தெரியவில்லை.

மேரி ரட்ணம் அதற்காகத் திரும்பிப் போகவில்லை, விசுவாசத்தையும் விடவில்லை. கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1909 இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்றார். 1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் சேர்ந்து டொனமூர் ஆணைக்குழு முன் வாதாடினார். 1931 இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். 1930 இல் லங்கா மகிளா சமித்தியை ஆரம்பித்தார். 1937 இல் கொழும்பு மாநகர சபையின் முதற் பெண் உறுப்பினரானார்.

இளம் தாயின் கேள்விக்கான பதிலும் இவரிடம்தான் இருந்தது. 1920 இல் லாம்பெத்தில் கூடிய அங்கிலிக்கன் ஆயர்கள் கருத்தடையைக் கண்டித்தார்கள். பத்து வருடம் கழித்து, 1930 இல், அதே லாம்பெத் மாநாடு தகுந்த காரணம் இருக்கும் தம்பதியருக்கு நிபந்தனையோடு அனுமதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதை முற்றாக மறுத்துச் சுற்றுமடல் எழுதினார். ஒரே வேதாகமம், ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்பு. இந்த வாதம் சூடாக இருந்த 1930 களில்தான் மேரி ரட்ணம் கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பகிரங்கமாகப் பேசி, அந்தப் பணியையும் தொடங்கினார். கத்தோலிக்கர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்தடுத்த கர்ப்பத்தால் தேய்ந்துபோன பெண்களைத் தினமும் பார்த்த டொக்டர் ஒருவருக்கு அந்த எதிர்ப்பு எவ்வளவு தூரத்தில் கேட்டிருக்கும் என்பதை என் தொழில் எனக்குச் சொல்கிறது.

எதிர்த்தவர்களை இகழ நான் எழுதவில்லை. உயிர் புனிதமானது என்பதில் அவர்களுக்கும் எனக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் அந்த வாதத்தில் பேசிய ஆயர்களும் பாப்பரசரும் எல்லோரும் ஆண்கள். பிரசவ அறையிலிருந்து வந்த குரல்களில் இவருடையதும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1958 இல் அவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. என் மருத்துவக் கல்வியில் ஒரு நாளும் அவர் பெயரைக் கேட்ட நினைவில்லை.

அந்தத் தாயை மறுபடி கண்டபோது இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பாஸ்டர் பிழை என்று நான் சொல்லவில்லை. ஊழியத்துக்கென்று வந்த ஒரு டொக்டர், ஜெபம் பண்ணுகிறவர், வேறு விதமாக நினைத்தார் என்று மட்டும் சொன்னேன். "அவவும் வேதம் வாசிக்கிறவவா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிளினிக் நாளில் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, தங்கள் இலக்கம் கூப்பிடும்வரை இருவரும் மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.