கணினியைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது யாருடைய வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கள் பாடசாலைக் கணினி அறையில் நடந்த ஒரு சின்னப் பிரச்சினைக்கு விடை தேடப் போய், முப்பது வருசத்து வரலாற்றுக்குள் இறங்கிவிட்டோம். வீட்டில் பழைய கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் உதவலாம் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் அறையில் இருப்பவை எல்லாம் பழைய டெஸ்க்டொப்கள். பெரும்பாலானவை 2009, 2010 காலத்தவை. ஒன்றை ஓன் பண்ணினால் பிள்ளை எழுதத் தொடங்குவதற்குள் 4 நிமிடம் போய்விடும். ஒரு பாடவேளையோ 40 நிமிடம். அதனால் ஒரு வகுப்பு போய் அடுத்த வகுப்பு வரும்வரை மெஷின்களை அணைக்காமல் சஸ்பென்ட் செய்து வைப்போம், அதாவது தூங்கவிடுவோம். திறந்திருந்த வேலை அப்படியே ரேமில் கிடக்கும். காற்றாடி நின்றுவிடும், கரண்டும் மிகக் கொஞ்சம்தான் போகும். கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினால் சில வினாடிகளில் எழும்பிவிடும்.

திருட்டு விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போடுவோம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர்களும் நாங்கள்தான். போன தவணை விடுமுறையில் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். பாடசாலை தொடங்கிய முதல் கிழமையே வினை வந்தது. தூங்கப் போன மெஷின்களில் சில எழும்பின. சிலவற்றில் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. எதைத் தட்டியும் அசைவில்லை. கடைசியில் சுவிட்சை அழுத்திப் பிடித்து அணைத்தோம். தரம் 10 பிள்ளையொன்று இரண்டு பாடவேளையாகத் தட்டச்சு செய்த ஒப்படை அதோடு போனது. சேமிக்கச் சொல்லிக் கொடுக்காதது எங்கள் பிழை. அந்தப் பிள்ளை ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைக்கார நானாவிடம் கேட்டோம். "இதெல்லாம் பழைய இரும்பு சேர். பேசாம வித்துப்போட்டு வேற எடுங்க" என்றார். அப்படி எடுக்கப் பாடசாலையிடம் காசில்லை. அதைவிட, நேற்றுவரை ஒழுங்காக எழும்பிய மெஷின் பதிப்பு மாறியதும் எழும்பவில்லை என்றால் இரும்பில் என்ன குற்றம்? அந்தக் கேள்விதான் எங்களைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது.

1992ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அந்த வருசம்தான் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 'எனர்ஜி ஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. அந்த முத்திரை முதலில் வந்தது கொம்பியூட்டருக்கும் மொனிட்டருக்கும்தான். சும்மா கிடக்கும் மெஷின் கரண்டைக் குடிக்கக்கூடாது என்ற எண்ணம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அதே வருசம் இன்டெலும் மைக்ரோசொப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதில் அதிகாரம் பயோஸின் கையில் இருந்தது. பயோஸ் என்பது மதர்போர்டில் ஒரு சிப்பில் குடியிருக்கும் சிறு மென்பொருள், மெஷினை ஓன் பண்ணியதும் முதலில் விழிப்பது அதுதான். விண்டோஸோ லினக்ஸோ பயோஸிடம் "தூங்கலாமா?" என்று கேட்கும், மிச்சத்தைப் பயோஸ் பார்த்துக்கொள்ளும். தூங்க வைத்தவரே எழுப்பவும் செய்வார் என்பது அதில் உள்ள வசதி. பயோஸுக்கு உள்ளே என்ன வேலை நடக்கிறதென்று தெரியாது என்பது குறை. நீங்கள் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கும்போதும், கீபோர்டை யாரும் தொடவில்லையே என்று அது தூங்கப் போய்விடும்.

1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புதிய ஒழுங்கை வெளியிட்டன. இன்று நீங்கள் பாவிக்கும் மடிக்கணினி வரைக்கும் அதன் ஆட்சிதான். இதில் அதிகாரம் தலைகீழானது. இனி முடிவெடுப்பது இயங்குதளம், அதாவது விண்டோஸ் அல்லது லினக்ஸ். மதர்போர்ட் செய்யும் கம்பனி "என் போர்டில் இன்ன பகுதியை இப்படி அணைக்கவேண்டும், இப்படி எழுப்பவேண்டும்" என்று ஒரு அட்டவணையை எழுதி பயோஸுக்குள் வைக்கும். இயங்குதளம் அதை வாசித்து அதன்படி நடக்கும். தூக்கத்துக்கும் படித்தரம் வைத்தார்கள். எஸ்1 மெல்லிய கண்ணயர்வு. எஸ்3 என்றால் ரேம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கரண்டை நிறுத்துவது, எங்கள் கணினி அறையில் நடப்பது இதுதான். எஸ்4 என்பது ரேமில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. எஸ்3இல் ரேமுக்கு மட்டும் ஏன் கரண்ட் என்றால், ரேமின் நினைவு ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி. வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை திரும்ப நிரப்பாவிட்டால் எல்லாம் வடிந்துவிடும்.

தாளில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் அட்டவணையை எழுதுகிறவர் அதை எதில் ஓட்டிப் பார்ப்பார்? சந்தையில் விற்பது விண்டோஸ், ஆகவே விண்டோஸில் எழும்பினால் வேலை முடிந்தது. அட்டவணையில் பிழை இருந்தாலும் மைக்ரோசொப்டின் கருவி பலவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், இன்டெலின் கருவி அவற்றைப் பிழை என்று காட்டும். லினக்ஸுக்குள் அட்டவணையை வாசிக்கும் பகுதியோ இன்டெல் திறந்த மூலமாகக் கொடுத்தது. அதனால் மற்றவர்கள் விட்ட பிழையில் லினக்ஸ் தடுக்கி விழுந்தது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. அட்டவணை இயங்குதளத்தைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் இன்றைக்கும் "நான் விண்டோஸ்" என்றுதான் பதில் சொல்கிறது. "லினக்ஸா?" என்று நேரடியாகக் கேட்டால் இல்லை என்கிறது. உண்மையைச் சொன்னால் யாரும் சரிபார்க்காத பாதையில் அனுப்பிவிடுவார்கள் என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டது அது.

இதெல்லாம் வேண்டுமென்றே செய்ததா என்று கேட்பவர்கள் உண்டு. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் தன் ஆட்களுக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், பின்னர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் சான்றாக வெளிவந்தது. ஏசிபிஐயின் விரிவாக்கங்களை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக ஆக்க ஏதும் வழியுண்டா, நாங்கள் உழைக்க லினக்ஸ் பலன் பெறுகிறதே என்பது அதன் சாரம். அந்த எண்ணம் நடைமுறைக்கு வந்ததென்று அந்த மின்னஞ்சல் நிரூபிக்கவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், சதியை விட அலட்சியம்தான் அதிகம் கெடுத்திருக்கும். வாங்குபவர் கேட்காததை விற்பவர் சரிபார்க்கமாட்டார்.

லினக்ஸ் பக்கத்தில் இந்த வேலையை இழுத்துச் சுமந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். செக் நாட்டவரான பாவெல் மாஹெக் பராமரித்த, டிஸ்க்கில் எழுதித் தூங்கும் முறை 2002இல் கேர்னலுக்குள் சேர்ந்தது. கேர்னல் என்பது லினக்ஸின் கரு. நைஜல் கன்னிங்ஹாம் என்பவர் அதற்குப் போட்டியாக இன்னொன்றைப் பல வருசம் வளர்த்தார், அதை விரும்பிப் பாவித்தவர்கள் ஏராளம், ஆனால் பிரதான கேர்னலுக்குள் அது நுழையவேயில்லை.

எஸ்3இல்தான் பெரிய தலையிடி. மெஷினைப் புதிதாக ஓன் பண்ணும்போது திரைக்கான கிராபிக்ஸ் அட்டையைத் தட்டி எழுப்பி ஆயத்தம் செய்வது பயோஸ். தூக்கத்திலிருந்து எழும்பும்போது அந்த வேலையைப் பயோஸ் செய்தே ஆகவேண்டும் என்றில்லை. சில செய்தன, பல செய்யவில்லை. இயங்குதளத்தின் ட்ரைவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டன. அன்றைய லினக்ஸிலோ கேர்னலுக்கு அந்த அட்டையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. திரையை ஆண்டது கேர்னலுக்கு வெளியே ஓடிய எக்ஸ் என்ற தனி மென்பொருள். ஆகவே மூளை விழித்திருக்கும், கண் மட்டும் திறக்காது. கேர்னலோடு வரும் ஆவணங்களில் ஒன்று, எந்த மொடல் மெஷினில் எந்தத் தந்திரம் செய்தால் திரை வரும் என்று பட்டியலே போட்டது. மத்தியூ காரெட் எழுதிய ஒரு சின்னக் கருவி, கிராபிக்ஸ் அட்டையின் பயோஸை வெளியிலிருந்து திரும்ப ஓட வைத்தது. வைத்தியருக்குப் பதில் கைவைத்தியம்.

எங்கே மாட்டிக்கொண்டதென்று கண்டுபிடிப்பதே கஷ்டம், ஏனென்றால் திரையும் இல்லை, டிஸ்க்கும் இன்னும் எழும்பவில்லை. எங்கே எழுதி வைப்பது? 2006இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழி கண்டார். மெஷினை நிறுத்தித் திரும்ப ஓன் பண்ணினாலும் அழியாத ஒரே இடம், பற்றரியில் ஓடும் கடிகாரம். எழும்பும்போது ஒவ்வொரு படியிலும் "இப்போது இங்கே நிற்கிறேன்" என்ற குறியீட்டைத் திகதியும் நேரமுமாக அந்தக் கடிகாரத்தில் எழுதச் செய்தார். மெஷின் மாட்டிக்கொண்டால் சுமார் 3 நிமிடத்துக்குள் திரும்ப ஓன் பண்ணவேண்டும், கடிகாரம் காட்டும் பொய் நேரத்தை வாசித்து எந்த உறுப்பில் நின்றதென்று கேர்னல் சொல்லும். இதை வாசித்தபோது எங்களுக்குப் பரவசமே வந்துவிட்டது. உடனே ஒரு மெஷினில் செய்தும் பார்த்தோம். (தேவையே இல்லாமல் செய்தோம் என்பது பிறகு தெரிந்தது.)

திரைப் பிரச்சினைக்கு உண்மையான தீர்வு வந்தது 2009 மார்ச்சில், கேர்னல் 2.6.29 பதிப்பில். திரையை ஆயத்தம் செய்யும் வேலையைக் கேர்னலின் ட்ரைவரே கையில் எடுத்தது. முதலில் இன்டெல் அட்டைகளுக்கு, பிறகு மற்றவற்றுக்கு. தூங்க வைத்தவரே எழுப்பவும் செய்வார் என்ற பழைய வசதி, வேறொரு கைக்கு மாறித் திரும்ப வந்தது. அந்தப் பழைய பட்டியல்களும் தந்திரங்களும் மெல்ல மெல்லத் தேவையற்றுப் போயின.

இந்த இடத்தை வாசித்தபோதுதான் எங்களுக்குப் பொறி தட்டியது. எழும்பாத மெஷின்கள் எல்லாவற்றிலும் ஒரே வகைத் தனிக் கிராபிக்ஸ் அட்டை. பல வருசத்துக்கு முன் லினக்ஸ் போட்ட புதிதில் அவற்றில் திரை வரவில்லையென்று, யாரோ சொன்னதைக் கேட்டு, தொடக்க மெனுவில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தோம். திரை வேலையைக் கேர்னல் தொடவேண்டாம் என்பது அதன் பொருள். பிறகு அட்டையைச் செய்த கம்பனியின் சொந்த ட்ரைவரைப் போட்டோம். அது தன் வழியில் திரையை எழுப்பிக்கொண்டிருந்தது, ஆகவே அந்தச் சொல்லை நாங்கள் மறந்தே போனோம். அந்தப் பழைய அட்டைக்கான ட்ரைவரைக் கம்பனி கைவிட்டுப் பல காலம், புதிய பதிப்பில் அது இல்லை. தன்னார்வலர்கள் எழுதிய ட்ரைவர் கேர்னலுக்குள் ஆயத்தமாக நிற்கிறது. ஆனால் அதன் கையை 'நோமோட்செட்' கட்டிப்போட்டிருந்தது. பழைய ட்ரைவர் விட்டுப்போன ஒரு தடைக் கோப்பும் கூடச் சேர்ந்து தடுத்தது.

அதாவது பயோஸ் எழுப்பவில்லை, கம்பனி ட்ரைவர் இல்லை, கேர்னலை நாங்களே தடுத்துவிட்டோம். 2009க்கு முந்திய நிலைக்கு எங்கள் மெஷினை எங்கள் கையாலேயே கொண்டுபோயிருந்தோம்.

அறிகுறியும் முதல் நாளே இருந்தது. "சேர், எழுத்தெல்லாம் பெருசா, மங்கலா இருக்கு" என்று பிள்ளைகள் சொன்னார்கள். ட்ரைவர் இல்லாமல் அடிப்படைத் திரையில் ஓடினால் அப்படித்தான் இருக்கும். நாங்கள் கண்ணாடி போடச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனோம்.

உங்கள் மெஷினும் இப்படிக் கறுத்துப் போனால், சுவிட்சில் கை வைக்கமுதல் கீபோர்டில் கெப்ஸ் லொக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் விழித்திருக்கிறது, திரை மட்டும்தான் பிரச்சினை. விளக்கு அசையாவிட்டால் உள்ளேயே எங்கோ மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது தொடக்க மெனுவில் பழைய கேர்னலைத் தெரிவு செய்து தூங்கவிட்டுப் பாருங்கள், அதில் எழும்பினால் இரும்பில் பிழையில்லை. தூங்கி இரண்டு வினாடியில் தானாக எழும்பும் மெஷின் என்றால் முதலில் மவுஸைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். மேசை ஆடினாலே மவுஸ் எழுப்பிவிடும்.

எங்கள் மெஷின்களில் அந்தச் சொல்லை அழித்து, தடைக் கோப்பை நீக்கி, தொடக்க மெனுவைப் புதுப்பித்தோம். முதல் மெஷின் எழும்பியபோது மஃரிப் நேரமாகிவிட்டிருந்தது. எழுத்தும் சின்னதாக, தெளிவாக வந்தது. மற்றவற்றை அடுத்த நாள் தரம் 10 பிள்ளைகளே செய்தார்கள். ஒப்படை தொலைந்த பிள்ளையைத்தான் முதலில் உட்கார வைத்தோம். அவன் இப்போது ஒவ்வொரு பந்திக்கும் ஒரு தடவை சேமிக்கிறான்.

ஒன்று மட்டும் பாக்கி. கடிகாரத் தந்திரத்தைச் செய்து பார்த்த மெஷினில் நேரத்தைத் திருத்த மறந்துவிட்டோம், அறையில் இணையமும் இல்லை. தரம் 8இன் புள்ளிப் பட்டியல் அந்த மெஷினிலிருந்து அச்சாகிப் போயிருக்கிறது. அடியில் ஆண்டு 2057 என்று இருந்தால் பெற்றோர் பதற வேண்டாம். பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள், வேறு அடித்துத் தருகிறோம்.