பின்வாங்கலின் பலனும் எல்லையும்: கும்மிடிப்பூண்டி 2005, 2006

2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தன் அணி தோற்ற அதிமுக அரசு, முடிவு வந்த சில நாட்களிலேயே தன் ஆணைகளைத் தானே திரும்பப் பெறத் தொடங்கியது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் விலக்கப்பட்டது. விவசாயிகளின் இலவச மின்சாரம் மீண்டது. 2003 வேலைநிறுத்தத்துக்காக அரசு ஊழியர், ஆசிரியர்மீது எடுத்த நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. ரேஷன் பொருள்கள் கிடைக்காமல் செய்த, அட்டையின் ‘எச்’ முத்திரை போயிற்று. ஓராண்டு கழித்து, 2005 மே மாதம், கும்மிடிப்பூண்டி இடைத்தேர்தலில் அக்கட்சி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றது. திருத்திக்கொண்ட ஆளுங்கட்சியை மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்று இதைப் படிப்பது பாதிதான் சரி. பின்வாங்கல் கோபத்தைத் தணிக்கும். ஆட்சியைத் தக்கவைக்க அது போதாது.

அந்த வெற்றி வெறும் அனுதாபம் என்பது முதல் மறுப்பு. தொகுதியின் அதிமுக சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் 2005 ஜனவரியில் கொள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டார். வேட்பாளர் அவர் மகன் விஜயகுமார். இடைத்தேர்தலில் ஆளுங்கட்சி தன் முழு பலத்தையும் ஒரே தொகுதியில் இறக்க முடியும் என்பதும் உண்மை. 2006 பொதுத்தேர்தலில் அதே விஜயகுமார் பாமக வேட்பாளரைச் சில நூறு வாக்குகளில்தான் வென்றார் என்பது இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. ஆகவே இடைத்தேர்தல் வித்தியாசத்தை மக்கள் மனத்தின் அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. ஆனால் எஞ்சியது கவனத்துக்குரியது. காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் எல்லாம் திமுகவோடு நின்ற தேர்தலில், பாமகவுக்கு வேர் உள்ள வட மாவட்டத்தில், தொகுதி கைநழுவவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையை வைத்தே கும்மிடிப்பூண்டியை அறிந்தவர்கள், ஆலைகளில் உழைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர் பலருக்கு இங்கே வாக்கில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். தொகுதியில் வாக்களிப்பவர்களில் சுற்றுக் கிராமங்களின் பம்புசெட் விவசாயிகளும் உண்டு. மின்சாரம் மீண்டது அவர்களிடம் எடுபட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

2004 தோல்வியே அதிமுகவின் அன்றைய கூட்டாளியான பாஜகவுக்கு எதிரான வாக்கு, மாநில அரசின்மீதான கோபம் அல்ல என்பார்கள் சிலர். அப்படியானால் பாஜகவை விட்டு விலகியதும் மதமாற்றச் சட்டத்தை நீக்கியதும் ஒரே திருத்தத்தின் இரு பக்கங்களே, வாதம் மாறவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் 2006இல் அதிமுக அணி 69 இடங்களே பெற்றது, ஆட்சியை இழந்தது. 1980ஐ இதனோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்று புலப்படும். அவ்வாண்டு ஜனவரியில் மக்களவைத் தேர்தலில் இரண்டே இடங்கள் பெற்ற எம்.ஜி.ஆர்., பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்குத் தாம் விதித்த 9,000 ரூபாய் வருமான வரம்பை நீக்கியதோடு நிற்கவில்லை. ஒதுக்கீட்டையே 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைத்தது தந்த அனுதாபமும் சேர்ந்துகொண்டது; ஆனால் மக்கள் கையில் பழையதோடு புதிதும் இருந்தது. சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தலில் அதிமுக 129 இடங்களோடு திரும்பியது. 2004இன் ஆணைகளோ பறித்ததைத் திருப்பிக் கொடுத்தன, அவ்வளவே. 2006இல் கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்று வரும் நாளைப் பற்றி முதலில் பேசியது திமுக. அதிமுகவின் இலவச அரிசி அறிவிப்பு அதற்கான பதிலாகத்தான் வந்தது.