நள்ளிரவு மணி

யாத்திரை பற்றி நமக்குக் கிடைக்கிற எழுத்தில் பெரும்பகுதி பரிவாரத்தோடு போனவர்கள் எழுதியது. 1830இல் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்ட ஏனுகுல வீராசாமி சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். பல்லக்கு, கூடாரம், சுமார் நூறு பேர் என்று போனார். அதற்குப் பத்து வருஷம் முன்னால் தஞ்சாவூர் சரபோஜி காசிக்குப் போனபோது கூடப் போனவர்கள் ஏறக்குறைய 3,000 பேர். எழுதியவர்கள் தனியாக நடக்கவில்லை. தனியாக நடந்தவன் எழுதி வைக்கவில்லை. அவன் இருந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் அவனுக்குச் சோறு போட்டவர்களிடம்தான் தேட வேண்டும்.

அப்படி ஒரு சாட்சியம் 1801இல் இரண்டாம் சரபோஜி ரெஸிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதம். 1799 உடன்படிக்கையில் ராஜ்யம் கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் உபகாரச் சம்பளமும்தான் மிச்சம். அந்த நிலையில் இருந்த ஒருவர், ராமேஸ்வரம் போகிற வழியில் உள்ள சத்திரங்களை மட்டும் தம்மிடமிருந்து பிரித்துவிட வேண்டாம் என்று கேட்கிறார். கேட்பதற்காக, சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று விவரிக்கிறார். பிராமணரிலிருந்து பறையர் வரை, ஜோகி, ஜங்கமர், பைராகி என்று வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிக்கு வைத்தியம், பத்தியச் சாப்பாடு. கர்ப்பிணிகளுக்குக் கவனிப்பு. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு, நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய்க் குளியல். வழியில் இறந்தவர்களுக்கு அவரவர் முறைப்படி காரியம். சாப்பாடு நள்ளிரவு வரை நடக்கிறது. அப்போது ஒரு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கூவி அழைக்கிறார்கள்.

இந்த மணி என்னை விடவில்லை. கடந்த ஆவணியில் ஒன்பது நாள் லீவு போட்டு, தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்தேன். பக்தி காரணமில்லை. ஆடி அமாவாசைக் கூட்டம் கலைந்து, மகாளயக் கூட்டம் இன்னும் சேராத நாட்கள். யாரும் போகாத காலத்தில் அந்த வழி என்னவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

முதல் நாள் மாலை ஒரத்தநாடு. கடிதம் எழுதிய மறுவருஷம், 1802இல், சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அங்கே இருக்கிறது. முக்தாம்பாள் அவர் மணந்துகொள்ளாத பெண். பட்டத்து ராணிகள் பெயரில் சத்திரம் இருப்பதில் ஆச்சரியமில்லை. இந்தப் பெயர் என்னைச் சற்று நிற்க வைத்தது. 1855இல் தஞ்சை அரசு முற்றாக முடிந்தபின் சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயின. இந்தக் கட்டிடம் பிற்பாடு பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் பயன்பட்டது. நான் போனபோது விளக்கு இல்லை. காரை பெயர்ந்த இடங்களில் அரசங்கன்று முளைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டேன்.

பட்டுக்கோட்டை தாண்டிக் கடற்கரைக்கு வந்ததும் மனோரா. நெப்போலியனை இங்கிலீஷ்காரர்கள் ஜெயித்ததைக் கொண்டாட, 1814இல் சரபோஜி எழுப்பிய எட்டு அடுக்குக் கோபுரம். ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு எழுப்பிய சின்னத்தை இன்றும் உல்லாசப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கிருந்து தெற்கே சேதுபாவாசத்திரம். சத்திரம் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு விட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறார். மனோராவும் இந்தப் பெயரும் ஒரே மனிதரின் இரண்டு முகங்கள் என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. சத்திரத்தைக் கேட்ட கடிதமும் இங்கிலீஷ்காரனுக்குப் புரிகிற தர்க்கத்தில் எழுதப்பட்டதுதான். வடக்கிலிருந்து கங்கை ஜலம் தூக்கி வருகிறவன் தஞ்சாவூர் ராஜாவைப் பற்றி ஊருக்குத் திரும்பி என்ன சொல்வான் என்ற கவலையும் அதில் இல்லாமலில்லை. மேலும், எல்லா ஜாதிக்கும் சோறு என்பது எல்லா ஜாதிக்கும் ஒரே பந்தி என்று ஆகாது. அரிசியாக வாங்கிக்கொள்கிறவன் ஏன் அப்படி வாங்கிக்கொள்கிறான் என்பது நமக்குத் தெரியும். அதே சத்திரத்தில் வேதபாடத்துக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

இத்தனையும் கழித்த பிறகும் மணி மிஞ்சுகிறது.

ஐந்தாம் நாள் இரவு, மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில், சாத்தியிருந்த கடைத் திண்ணையில் படுத்துவிட்டேன். காலில் கொப்புளம், பசிகூட மரத்துப் போயிருந்தது. தொழுகை முடிந்து வந்த ஒரு பெரியவர் தட்டி எழுப்பினார். "எந்தூருத் தம்பி? சாப்டீங்களா?" என்றார். வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் வந்தன. எதற்காக நடக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. சொன்னபோது, "இப்ப அங்க ஒண்ணும் விசேஷமில்லையே" என்றார்.

இதைச் சரபோஜியின் மணியோடு சேர்த்துப் பேச மாட்டேன். பெரியவருடையது கருணை. அவர் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் நான் பட்டினியாகத் தூங்கியிருப்பேன், குற்றம் யாருடையதுமல்ல. மணி கருணையல்ல, ஏற்பாடு. வந்திருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத ஒருவனுக்கும் சேர்த்து உலை வைத்திருந்தால்தான் மணி அடிக்க முடியும். பாங்கில் மாலையில் கணக்கு நேரானால்தான் எழுந்திருக்கலாம். சத்திரத்தில் அந்த மணி அடித்த பிறகுதான் அன்றைய கணக்கை முடித்திருக்க முடியும். பந்தி நிறைந்த தை அமாவாசையன்று மணிக்கு அர்த்தம் அதிகமில்லை. யாரும் வராத ஆவணி இரவில் அடித்தால்தான் அது மணி. கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு அது வீண் செலவாகத்தான் பட்டிருக்கும்.

இன்றைக்கும் அன்னதானத்துக்குக் குறைவில்லை. விசேஷ நாட்களில் பந்தல், பானகம், மோர், பெயர் எழுதிய தட்டி. எல்லாம் கூட்டத்துக்கு. கூட்டம் எப்படியும் தன் வழியைத் தானே போட்டுக்கொள்ளும். ஒற்றை ஆளுக்கும் உதவினால்தான் அது வழி. நம் சரித்திர ஆசிரியர்கள் யாத்திரையைத் திருவிழாவாகவே பார்த்துப் பழகிவிட்டதால், வருஷத்தின் மற்ற நாட்கள் அவர்கள் கண்ணில் படவில்லை.

உப்பூர்ப் பிள்ளையாரிடம் நான் ஒருவன்தான். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கிற ஒன்பது கற்களைச் சுற்றிலும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அன்று புரோகிதர் ஒருவருக்கு நான்தான் ஒரே நம்பிக்கை. ஏமாற்ற வேண்டியதாயிற்று.

பாம்பனில் கடலைத் தாண்டுகிற முதல் பாலம் 1914இல் திறந்தது. அதற்கு முன்பு மண்டபம் வந்தவன் படகுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவன் எங்காவது படுக்க வேண்டும், சாப்பிட வேண்டும். ரயில் வந்ததும் இடைப்பட்ட ஊர்கள் ஜன்னலில் ஓடுகிறவையாகிவிட்டன. சேருமிடம் மட்டும் நிலைத்தது. 1988இல் சாலைப் பாலம். 2025இல் பழையதற்குப் பக்கத்தில் புது ரயில் பாலம். நான் சாலைப் பாலத்தின் ஓரமாக நடந்தேன். கார்களிலிருந்து இறங்கி, ரயில் வருமா என்று சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராமேஸ்வரத்தில் இரவு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நடை சாத்தியிருந்தார்கள். ரத வீதியில் ஒரு ஓட்டலில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பையன், "எல்லாம் முடிஞ்சுது சார்" என்றான்.