தராசுக்கு வந்த கூடைகள்

1793. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சவானா நகருக்குப் பக்கத்தில் மல்பெரி குரோவ் பண்ணை. படிப்பை முடித்து வேலை தேடித் தெற்கே வந்த எலி விட்னி என்ற இளைஞர் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்தார்.

அந்தப் பக்கத்துப் பண்ணையார்களுக்கு ஒரு தலைவலி. கடலோரத் தீவுகளில் விளைந்த நீண்ட இழைப் பருத்தியில் கொட்டை சுலபமாகக் கழன்றுவிடும்; ஆனால் அது உள்நாட்டு மண்ணில் வராது. உள்நாட்டில் வரும் குட்டை இழைப் பருத்தியிலோ பச்சைக் கொட்டை பஞ்சை விடவே விடாது. நாள் முழுக்கக் கையால் பிரித்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு பஞ்சு தேறினால் பெரிது. இதற்காக விட்னி செய்த, கம்பிப் பற்கள் வைத்த உருளை மிஷின் ஒரு நாளில் 50 பவுண்டு பிரித்துத் தள்ளியது.

மிஷின் வந்தால் ஆள் தேவை குறையும் என்றுதானே நினைப்போம்? தலைகீழாக நடந்தது. கொட்டை பிரிக்கத்தான் மிஷின் வந்தது. காட்டில் பருத்தி எடுக்க வரவில்லை. காய்ந்த ஓட்டின் முனை விரலைக் கிழிக்க, செடி செடியாகக் குனிந்து எடுத்தாக வேண்டும். கூலிக்கு வந்தவன் மேற்கே நிலம் தேடிப் போய்விடலாம். அடிமை போக முடியாது. அந்த நிலம் மட்டும் என்ன, சும்மா கிடந்ததா? பூர்வகுடிகளை வெளியேற்றப் போட்ட 1830ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, செரோக்கி, சோக்டா, கிரீக் மக்களைத் துரத்திவிட்டுப் பிடுங்கிய மண் அது.

1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்யத் தடை வந்தது. பண்ணையார்கள் அசரவில்லை. அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் அடிமை என்பதுதான் சட்டம். புகையிலை போட்டு நிலம் சலித்துப்போன வர்ஜீனியா, மேரிலாந்து பண்ணைகளிலிருந்து சங்கிலியில் கோத்தும், கப்பலேற்றியும் சுமார் 10 லட்சம் பேரைத் தெற்கே கொண்டுபோனார்கள். புருஷன் ஒரு பண்ணைக்கு, பெண்டாட்டி இன்னொன்றுக்கு. 1790இல் ஏறக்குறைய 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தைத் தொட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் கூடைகள் தராசுக்கு வரும். சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841இல் கடத்தப்பட்டு, லூசியானாவில் 12 ஆண்டு அடிமையாகக் கிடந்த சாலமன் நார்தப் அந்த நேரத்தின் பயத்தை எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வருபவரை முதல் நாள் சாட்டையால் விரட்டி எடுக்க வைப்பார்களாம். அன்றைய எடைதான் அவருக்கு அளவு. குறைந்தால் அடி. கூடினாலோ, மறுநாள் முதல் அதுவே அளவு! எப்படிப் போட்டாலும் தப்ப முடியாத கணக்கு.

பருத்திக்கு உழும் முன்னே தம்பிக்கு எட்டு முழம் என்பார்கள் நம் ஊரில். அங்கேயும் விதைக்கும் முன்பே கடன்தான். அதற்கு ஈடு, நிலத்தோடு மனிதர்களும். லூசியானா வங்கிகள் அப்படிக் கடன் கொடுத்தன. அந்த வங்கிகளுக்காக வெளியிட்ட பத்திரங்களை லண்டன் பணக்காரர்கள் வாங்கினார்கள். தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்க 1833இல் சட்டம் போட்ட அதே பிரிட்டன்தான்! 1860 வாக்கில் அதன் ஆலைகளுக்குப் போன பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் இந்த அடிமைகள் எடுத்தது.

பஞ்சுக்கு ஒரே நாட்டை நம்பியிருக்க பிரிட்டிஷ்காரர்களுக்கும் உதறல்தான். அதனால் 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பண்ணை அனுபவஸ்தர்களை வரவழைத்து, தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் பொறுப்பில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தது. இடம், நம் கோயம்புத்தூர். அங்கே நடந்தது அடுத்த வாரம்.